கடன் அடைந்த பிறகு அந்தத் தவணைப் பணம் எங்கே போகிறது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்து வாசகர், 2025 பிப்ரவரி 8

வீட்டுக் கடன், நகைக் கடன், மனைவி பெயரில் இருந்த குழுக் கடன் என்று எல்லாம் சேர்த்து மாதம் 14,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு முன்பே கடைசித் தவணையும் முடிந்தது. பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் முன்பு எவ்வளவு நின்றதோ அவ்வளவுதான் இப்போதும் நிற்கிறது. அந்த 14,500 எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. கடன் முடிந்தவர்கள் வீட்டுக் கணக்கை எப்படி நடத்துகிறீர்கள்?

பிப்ரவரி 8, இரவு

பணம் தொலையவில்லை. வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட செலவெல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றிருக்கும். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர், புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கறவை மாடு, நான் வீட்டிலேயே தையல். போன வருஷம் தை அறுவடைப் பணத்தில் கடைசி நகையைத் திருப்பினோம். அதோடு மூணு வட்டிக்கு வாங்கியிருந்த 50 ஆயிரமும் முடிந்தது. மூணு வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் கேட்கும். 50 ஆயிரத்துக்கு மாதம் 1,500, வருஷத்துக்கு 18 ஆயிரம், அதாவது 36 சதவீதம். அசல் அப்படியே நிற்கும்.

அது முடிந்த சித்திரையிலேயே எனக்குப் பல்லில் வேர் சிகிச்சை, மகளுக்குக் கண்ணாடி, அடுப்படி ஓடு மாற்றியது, மோட்டாருக்குக் காயில் கட்டியது. ஒன்றுகூட வீண் செலவு இல்லை. கடன் இருந்த காலத்தில் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லி ஒதுக்கி வைத்தவை.

உங்கள் வீட்டிலும் அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் அதை எழுதிப் பாருங்கள், மற்றது அப்புறம்.

பிப்ரவரி 9

நேற்று அவசரமாக எழுதியதில் பாதிதான் இருந்தது. இன்னொரு பாதி இது.

கடன் முடிந்த வீட்டில் இரண்டு வகைச் செலவு உள்ளே வரும். ஒன்று காத்திருந்த செலவு. பல், கண்ணாடி, ஓடு இதெல்லாம். ஒரு தடவை செய்தால் தீர்ந்துவிடும். இன்னொன்று மாதாமாதம் வந்து ஒட்டிக்கொள்கிற செலவு. அரை லிட்டர் பால் முக்கால் ஆவது, ஞாயிற்றுக்கிழமை புரோட்டா பார்சல், பையனின் போனுக்குப் பெரிய ரீசார்ஜ், "இப்போதான் கடன் இல்லையே" என்று தவணையில் எடுத்த வாஷிங் மெஷின். இந்த இரண்டாவது வகைதான் 14,500-ஐச் சத்தமில்லாமல் தின்னும்.

நான் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் முதல் வகை, வலது பக்கம் இரண்டாவது வகை என்று எழுதினேன். இடது பக்கத்தை அவசரத்துக்குத் தக்கபடி வரிசைப்படுத்தி, மாதம் ஒன்றாகச் செய்து அடித்துவிட்டோம். வலது பக்கத்தில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்று நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசினோம். பால் இருக்கட்டும் என்றார் அவர். இருந்தது. பெரிய ரீசார்ஜ் போனது. பையனுக்கு அதில் ஒரு வாரம் முகம் தூக்கல்.

பிப்ரவரி 11

வீட்டுக் கடன் என்று சொன்னதால் கேட்கிறேன், பத்திரம் கைக்கு வந்துவிட்டதா? பலர் கடைசித் தவணை கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கிப் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும்.

பத்திரம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை ஒப்படைத்ததாகப் பதிவு செய்திருப்பார்கள். அதற்கு ரசீது ஆவணம் பதிவு செய்யாதவரை வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும். பத்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு மனையில் பாதியை விற்கப் போகும்போதுதான் தெரியவரும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், இன்றைக்கே பாருங்கள்.

நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். அதில் கடன் 'முடிக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும். பேசிக் குறைத்து முடித்ததாக இருந்தால் 'செட்டில்டு' என்று வரும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அடுத்த கடன் கேட்கும்போதுதான் அது புரியும்.

பிப்ரவரி 16

இப்போது முக்கியமான விஷயம். மாத பட்ஜெட் போடச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். சம்பள வீட்டுக்குச் சரி. நிலத்தை நம்பிய வீட்டில் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுகிய கால நெல்லான குறுவை அறுவடைக்கு ஒரு மொத்தம், தை மாசியில் ஒரு மொத்தம். நடுவில் தையல் காசு, பால் காசு, உரிமைத் தொகை ஆயிரம், வருஷத்தில் மூன்று தடவை வருகிற பிஎம் கிசான் இரண்டாயிரம். செலவு மட்டும் மாதம் தவறாமல் வரும்.

அதனால் நாங்கள் போகத்துக்குப் போகம் கணக்குப் போடுகிறோம். நெல் பணம் வந்த அன்றே அதை மூன்றாகப் பிரித்துவிடுகிறோம்.

முதல் பங்கு அடுத்த போகத்துக்கான முதலீடு. குறுவைக்கு ஏக்கருக்கு எங்கள் பக்கம் 32 முதல் 35 ஆயிரம் வரை பிடிக்கிறது. உழவு, நாற்றங்கால், நடவுக் கூலி, இரண்டு களை, உரம், மருந்து, அறுவடை வண்டி. டிஏபி மூட்டை 1,350, யூரியா 266 ரூபாய் 50 பைசா என்று விலை எழுதியிருக்கும், ஆனால் அவசரத்துக்கு வாங்கப் போனால் கூடவே வேறு எதையாவது தலையில் கட்டுகிற கடைகள் உண்டு. கையில் முதல் இருந்தால் முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

இரண்டாம் பங்கு அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டுக்கு. இதை மாதத்துக்கு இவ்வளவு என்று வகுத்து, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாற்றிவிடுவார். எங்களுக்கு நாங்களே சம்பளம் போட்டுக்கொள்வது போல.

மூன்றாம் பங்கு தண்ணீர் வராத வருஷத்துக்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் அக்டோபரிலேயே மூட வேண்டிவந்தது. போன வருஷம் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். நாங்கள் கடன் அடைத்த முதல் வருஷமே அப்படி. ஆழ்குழாய்ப் போர் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். எங்கள் போரில் ஓர் ஏக்கருக்குத்தான் தண்ணீர் கண்டது, மீதி சும்மா கிடந்தது. தை நெல் பணத்தில் மூன்றாம் பங்கு ஒதுக்கி வைத்திருக்காவிட்டால் ஆவணியில் மறுபடி நகையைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம்.

பிப்ரவரி 17

கும்பகோணம் அண்ணன் கேட்கிறார், சம்பளக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று. இருக்கிறது. தவணை போன தேதியை விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் வங்கி 14,500-ஐ எடுத்ததோ அதே தேதியில் அதில் பாதியாவது தானாக வேறு கணக்குக்குப் போகட்டும். மாதாமாதம் கட்டுகிற அஞ்சலக ஆர்டியில் இப்போது 6.7 சதவீதம். மாதம் 5,000 போட்டால் ஐந்து வருஷத்தில் 3 லட்சத்து 56 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஒரு வருஷம் கட்டிய பிறகு அவசரத்துக்கு அதில் பாதி வரை கடன் எடுக்கலாம். என் உரிமைத் தொகை ஆயிரம் நேராக அதற்குத்தான் போகிறது. 60 மாதத்தில் 71 ஆயிரத்துச் சொச்சம். மகளுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் ஆயிரம் வருகிறது, அது அவள் பணம், அதில் நாங்கள் கை வைப்பதில்லை.

மார்ச் 2

வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் பத்தாயத்தைப் பற்றி எழுத விட்டுப்போனது.

நெல் விலைக்குப் போகும் முன்பு வீட்டு நெல் எடுத்து வைக்கிற வழக்கம் கடன் காலத்தில் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. வட்டிக்காரருக்கு அவசரம், அதனால் களத்திலிருந்தே மூட்டை முழுதும் போய்விடும். அப்புறம் ஆடியில் கடை அரிசி. எங்கள் நிலத்து நெல் யாரோ அரைத்து எங்களுக்கே கிலோ 50, 60 என்று வந்தது. அத்தைக்கு அதில்தான் பெரிய மனக்குறை. "மூணு ஏக்கர் வச்சுக்கிட்டு அரிசிக்குக் கடைக்குப் போற வீடா இது" என்பார்கள்.

இந்தத் தையில் ஓர் ஏக்கர் சம்பாவில் வீட்டுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கினோம். அத்தை பத்தாயத்தின் அடிப்பலகையைத் துடைத்து, வேப்பிலையும் நொச்சியும் காயவைத்துப் போட்டு, நெல்லைக் கொட்டி மேலே சாக்கு மூடினார்கள். மாதம் ஒரு மூட்டை அவித்துக் காயவைத்து மில்லில் கொடுத்து வாங்குகிறோம். தவிடு மாட்டுக்கு, குருணை கோழிக்கு. ரேஷன் அரிசியை இட்லிக்கு வைத்துக்கொள்கிறோம். மளிகைச் செலவில் அரிசி என்ற வரியே இல்லை. பட்ஜெட் போடுகிறவர்கள் இதைப் பணமாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். மாதம் இரண்டாயிரம் குறையாமல் மிச்சம்.

மார்ச் 20

மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தாள். பொதுவில் பதில் சொல்கிறேன், பலருக்கும் உதவும். "கடன் இல்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எப்படிச் சமாளிப்பது?"

எங்கள் கொழுந்தனார் வந்து, "அண்ணி, பணம் வேண்டாம், ஜாமீன் கையெழுத்து மட்டும் போதும்" என்றார். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு, அவர் பிள்ளைகளை நான் தூக்கி வளர்த்தவள். ஆனாலும் ஜாமீன் கையெழுத்து என்பது அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற சத்தியம். அந்தக் கடன் என் சிபிலிலும் வந்து நிற்கும். குழுக் கடனில் இதை ஏற்கெனவே பார்த்தோம். ஒருத்தி ஊரை விட்டுப் போனாள், மற்றவர்கள் வாராவாரம் அவள் பங்கையும் சேர்த்துக் கட்டினோம்.

அவரிடம் சொன்னேன்: "தம்பி, கையெழுத்து போட மாட்டேன். கோபிச்சுக்காதீங்க. பத்தாயிரம் தர்றேன், திருப்பித் தரும்போது தாங்க, தராட்டாலும் நான் கேட்க மாட்டேன்." இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறார். உறவுக்குக் கொடுக்கிற தொகையை முன்பே முடிவு செய்துகொண்டு, அது திரும்பாது என்று எண்ணிக் கொடுப்பது நல்லது. எங்கள் வீட்டில் அதற்கு வருஷத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறோம். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஏப்ரல் 23

பவுன் நேற்று 74 ஆயிரத்தைத் தாண்டியது. திருப்பிய நகையை மறுபடி வைத்தால் முன்பைவிட அதிகம் கொடுப்பார்கள், அதை வைத்து மனை வாங்கலாமே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்பேன். விலை ஏறியதால் கூடுதலாகக் கிடைப்பதும் கடன்தான். வட்டி அதற்கும் உண்டு. நகை எடை கூடவில்லை, நம் வருமானமும் கூடவில்லை.

எங்கள் வீட்டில் நகையைத் திருப்பியதும் அத்தை முன்னால் தராசில் வைத்து எடை பார்த்து, ரசீதோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்தோம். தாலிச் செயினும் ஒரு ஜோடித் தோடும் வெளியில்.

ஜூன் 13

மேட்டூர் நேற்று திறந்தாகிவிட்டது. இந்த வருஷம் சரியான தேதி. கல்லணையில் ஓரிரு நாளில் திறப்பார்கள், புது ஆற்றில் அதற்கப்புறம். போர்த் தண்ணீரில் நாற்று விட்டாயிற்று, இரண்டு ஏக்கர் குறுவை.

பல வருஷத்துக்குப் பிறகு சொந்த முதலில் விதைக்கிறோம். வைகாசி கடைசியில் வங்கி வாசலில் நகைப் பையோடு நிற்கிற கூட்டத்தில் இந்தத் தடவை நான் இல்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒரு தகராறு. பாபநாசத்துக்காரர் ஒருவர் கேட்கிறார்: "சொசைட்டியில் பயிர்க் கடன் வட்டி இல்லாமல் கிடைக்கும்போது சொந்தப் பணத்தை ஏன் வயலில் போடுகிறீர்கள்?" கடன் என்ற ஒன்றே வேண்டாம் என்றுதான் பதில் எழுத வந்தேன். எழுதிவிட்டு அழித்தேன். யோசித்துவிட்டு நாளை எழுதுகிறேன்.

ஜூன் 14

யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் விவசாயிக்கு வட்டி கிடையாது. அந்தப் பணம் கையில் இருக்கும் ஐந்தாறு மாதம் நம் சொந்தப் பணம் சேமிப்பில் இருக்கலாம். கெடு தாண்டினால்தான் வட்டி. ஆக, கேள்வி இதுதான்: கெடுவன்று நெல் விற்றிருக்காவிட்டாலும் கட்டக் கையில் பணம் இருக்குமா? இருக்கும் என்றால் வாங்கலாம். நெல் வந்தால்தான் கட்ட முடியும் என்றால் வட்டி இல்லாத கடனும் வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் குறுவைக்கு அப்புறம் போடுகிற தாளடிக்கு மட்டும் வாங்கலாம் என்று முடிவு செய்தோம், அதே அளவு பணம் தொடாமல் கணக்கில் கிடந்தால்.

கீழே இன்னொருவர், "வாங்குங்கள், கட்டாதீர்கள், தள்ளுபடி வரும்" என்று எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். 2021-இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது உண்மை. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்ததுதான் அதில் போனது. அதற்கு முந்தின வாரம் மாட்டை விற்றுக் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை. அந்த வருத்தம் எங்கள் ஊரிலேயே பலருக்கு உண்டு. ஆனால் எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாத ஒன்றை வீட்டு வரவில் எழுத முடியாது. வந்தால் வரட்டும்.

சேமிப்பு எங்கே வைப்பது என்று கேட்டவருக்கு: வங்கி டெபாசிட்டுக்கு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மத்திய கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். ஊரில் இருக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. போட வேண்டாம் என்று சொல்லவில்லை, மொத்தத்தையும் அங்கே வைக்காதீர்கள்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. பேராவூரணி என் பிறந்த ஊர்ப் பக்கம். அங்கே இப்போது மொய் விருந்துக் காலம்.

கடன் இல்லை, கடன் இல்லை என்று இத்தனை நாள் எழுதுகிறோமே, மொய் நோட்டைக் கணக்கில் எடுத்தோமா? போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனபோது அப்பாவின் பழைய நோட்டைப் புரட்டினேன். நீல அட்டை, ஓரம் கறையான் அரித்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஊர்ப் பெயர், அதன் கீழே ஆள் பெயர், பக்கத்தில் தொகை. திருப்பிச் செய்தவர்களுக்குச் சிவப்பு மையில் கோடு. கோடு விழாத பெயர்கள்தான் நமக்கு வர வேண்டியவை. இன்னொரு நோட்டில் நாம் செய்ய வேண்டியவை, அது இதைவிடத் தடி.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமும் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமும் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து போட்டு ஆளுக்கொரு மேசையில் மொய் எழுதுவார்கள். வட்டி இல்லாத கைமாற்று. அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், என் அக்கா கல்யாணமே அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் வாங்கியதைக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஆகவே அது கடன். கேட்டு வாங்க வங்கிக்காரர் வர மாட்டார், விருந்து அழைப்புப் பத்திரிகை வரும். ஒரே ஆடியில் பத்துப் பத்திரிகை வந்தால்?

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்துத் தென்னை போன பிறகு அந்தப் பக்கம் மொய் வெகுவாகக் குறைந்தது. அப்புறம் கொரோனா. திருப்பி வர வேண்டியது வராமல் போனவர்கள்தான் மூணு வட்டிக்குப் போனார்கள்.

ஜூலை 22

பேராவூரணியிலிருந்தே ஒருவர் திருத்தியிருக்கிறார்: மொய்யைக் கடன் என்று மட்டும் எழுதினால் பாதிதான், வர வேண்டியதை வரவிலும் எழுத வேண்டும். சரி. ஆனால் வரவை முழுதாக எழுத எனக்குத் துணிவில்லை. செய்ய வேண்டியதை முழுத் தொகையாகவும் வர வேண்டியதைப் பாதியாகவும் எழுதிக்கொள்கிறேன். கஜாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

நாங்கள் இப்போது செய்வது: இரண்டு நோட்டையும் சேர்த்து ஒரே பட்டியல். இந்த வருஷம் எந்தெந்த வீட்டில் காதுகுத்து, கல்யாணம், விருந்து வரக்கூடும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறோம். ஆடி மாதத்தில் வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைப்பது நின்றுவிட்டது.

புதிதாக யாருக்கும் பெரிய தொகை எழுதுவதில்லை. திருப்பிச் செய்து கணக்கை நேர் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

நேற்று பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர். மஞ்சள், காதோலைக் கருகமணி, சித்ரான்னம் எல்லாம் சேர்த்தும் பெரிய செலவில்லை. பண்டிகைச் செலவை வெட்டச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கடன் அடைத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

செப்டம்பர் 3

இந்தப் பருவத்துக்குக் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதாரண ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை என்பதால் சாதாரண ரகத்துக்கு மூட்டை ஆயிரம் ரூபாய் என்று கணக்குப் போட எளிது. போன பருவத்தில் 962. எங்களுக்கு இரண்டு ஏக்கரில் 110 மூட்டை எதிர்பார்க்கிறோம். செலவு 68 ஆயிரம் வரை போய்விட்டது, அறுவடை வண்டி தனி. மழை பெய்து வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். மணி வாடகை ஆயிரத்துக்குக் குறையாமல் கூடும். அதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. மழை விடவில்லை. நெல் அறுத்தாயிற்று, பெல்ட் வண்டிதான். கொள்முதல் நிலைய வாசலில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். அவர் ராத்திரியும் அங்கேதான். அடியில் கை விட்டால் சூடாக இருக்கிறது, ஓரத்தில் முளை விட்டிருக்கிறது. 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. எங்கள் குவியல் அதற்கு மேலே.

இன்னும் எழுத மனசில்லை.

அக்டோபர் 24

விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டிருக்கிறார்கள், மத்தியக் குழு வந்து பார்க்கப்போகிறது. எங்கள் நெல்லில் ஒரு பகுதி போய்விட்டது, மீதி வெயில் பட்டதும் காய்கிறது. பணம் கைக்கு வரக் கார்த்திகை ஆகலாம். முன்பெல்லாம் இப்படி ஆனால் அன்றைக்கே வட்டிக்காரர் வாசலில் நிற்பார். களத்து வியாபாரி வந்த விலைக்குக் கேட்பார், கொடுத்துவிடுவோம். இந்தத் தடவையும் ஒருவர் மூட்டை 700-க்குக் கேட்டார். காத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்ப முடிந்தது. ஐப்பசி மாதத்துச் சம்பளம் 1-ஆம் தேதியே என் கணக்குக்கு வந்துவிட்டது, போன தை நெல்லிலிருந்து. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி நானே தைத்தேன். தாளடி நடவுக்கு முதல் தனியாக இருக்கிறது, நாற்று மூழ்காமல் தப்பித்தது.

மூன்றாம் பங்கைத் தண்ணீர் வராத வருஷத்துக்கு என்று பிப்ரவரியில் எழுதியிருந்தேன். தண்ணீர் அதிகமாக வருகிற வருஷத்துக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் அண்ணன் இன்று எழுதியிருக்கிறார். 14,500-இல் எட்டாயிரம் இப்போது தனியாகப் போகிறதாம், வில்லங்கத்தில் நின்ற கடனுக்கும் ரசீது பதிந்துவிட்டாராம். போனஸ் பணத்தைத் தெரிந்தவர் நடத்துகிற ஏலச் சீட்டில் போடலாமா என்று கேட்கிறார். அண்ணா, 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று முதலில் கேளுங்கள். பதிவு எண் கொடுத்தால் சீட்டுப் பதிவாளரிடம் சரிபாருங்கள். நடத்துகிறவர் எடுக்கிற கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவில்லை என்றால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம், ஆர்டியிலேயே இன்னொரு கணக்குத் தொடங்குங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு: சம்பா, தாளடிக்குப் பயிர்க் காப்பீட்டில் நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வழக்கமாக நவம்பர் 15 வாக்கில் கெடு. நட்டவர்கள் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள், கணினி நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். கிராம அளவு மகசூல் பார்த்துத்தான் இழப்பீடு முடிவாகும், ஆனாலும் கட்டுங்கள். அதற்குக் கேட்கிற நிலச் சிட்டா என்னிடம் இருக்கிறது, பயிர் விவரம் எழுதிய அடங்கலுக்குத் திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலகம் போகிறேன்.